கைதட்டல் காவலாகாது

மண்டைதீவில் வளர்ந்த நமக்குச் சினிமா என்பது பண்ணைப் பாலத்துக்கு அப்பால் இருந்த உலகம். யாழ்ப்பாணத்து வின்சரிலும் ராணியிலும் படம் பார்த்துத் திரும்பியோர் நடிகையரின் அழகைப் பேசினர், வதந்தியைப் பேசினர். அவர்களும் உழைப்பாளர் என்று எவரும் பேசக் கேட்டதில்லை.

'பசி'யில் குப்பை பொறுக்கும் ஏழைப் பெண்ணாக நடித்துத் தேசிய விருது பெற்றவர் ஷோபா. குழந்தைப் பருவத்திலேயே நடிக்க வந்தவர். 1980 மே 1ஆம் நாள், உழைப்பாளர் திருநாளன்று, 17 வயதில் அகால மரணமடைந்தார். விருது தரத் தெரிந்த நாட்டுக்கு அந்தச் சிறு வயதைத் தாங்கிக்கொள்ளத் தெரியவில்லை.

விஜயலட்சுமி ஆந்திரத்து எளிய குடும்பத்துப் பெண். நான்காம் வகுப்போடு படிப்பை விட்டவர். 1980இல் வெளிவந்த 'வண்டிச்சக்கரம்' அவரைச் சில்க் ஸ்மிதா ஆக்கிற்று. இரவில் அவர் நடனத்துக்குக் காசு கொடுத்த சமூகமே பகலில் அவரை இழித்துப் பேசிற்று. 1996 செப்டெம்பர் 23இல், 35ஆம் வயதில், சென்னையில் மாண்டார். அவர் வாழ்வை நினைவூட்டி 2011இல் வந்த இந்திப் படம் பணமும் விருதும் ஈட்டியது. மரணத்துக்குப் பின்னும் அவர் சரக்காகவே இருந்தார்.

இவற்றை விதியென்றும் தனிமனித சோகமென்றும் கூறுவது முதலீட்டாளருக்கு வசதியானது. உண்மை வேறு. கேரள அரசு 2017இல் அமைத்த நீதிபதி ஹேமா குழு, 2019 இறுதியில் தன் அறிக்கையைக் கையளித்தது. 2024 ஆகஸ்டு வரை அது மக்கள் கண்ணிற் படவில்லை. எழுத்து ஒப்பந்தம் இல்லை; படப்பிடிப்புத் தளத்தில் கழிப்பறை இல்லை; உடைமாற்ற அறை இல்லை; வாய்ப்புக்கு விலையாக உடல் கேட்கப்படுகிறது; எதிர்த்தால் வேலை போகும் என்ற அச்சம் வாயை அடைக்கிறது. பெயர் பெற்றோருக்கே இந்த அச்சம் என்றால், பெயரற்ற துணை நடிகையின் கதியை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இன்று புகழாசை கைப்பேசி வழியே தீவகத்துச் சிறுமியின் கைக்கும் வந்துவிட்டது. 'ஆடாதே, நடிக்காதே' என்று அவளை அடக்குவது நம் விடையாகாது. கலையார்வம் குற்றமன்று, அதைக் கொள்ளையிடும் வணிகமே குற்றம். நடிப்பும் உழைப்பே, அதற்கு ஒப்பந்தம் வேண்டும், உரிய ஊதியம் வேண்டும், முறையிட இடம் வேண்டும். இதனை ஆசிரியர்களும் மாணவர்களும் வகுப்பறையிலேயே பேசத் தொடங்க வேண்டும்.

ஹேமா குழுவைக் கேட்டுப் பெற்றவர்கள், 2017இல் ஒன்றுகூடிய மலையாளத் திரைப் பெண்களே. புகழ் அவர்களுக்குத் தராத வலிமையை ஒற்றுமை தந்தது.