ஒரு நாளைக்கு ஒரு நகம் போதும்

நகவெட்டி இருக்கும் டிராயரைத் திறக்கும் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும் நாய்கள் பல வீடுகளில் உண்டு. 'ஊசி போட்டால்கூட சும்மா இருக்கும், நகம் வெட்டப் போனால் வீட்டையே இரண்டாக்கிவிடும்' என்று வீட்டில் இருப்பவர்கள் புலம்புவார்கள். ஆனால், நாயைப் பெரும்பாலும் மிரட்டுவது நகவெட்டி இல்லை. ஒருவர் வாயைப் பிடிக்க, இன்னொருவர் காலை இழுக்க, மூன்றாமவர் 'ஆடாதே' என்று அதட்ட... அந்த அமளிதான்!

தெருவில் ஓடியாடும் நாயின் நகத்தைத் தார்ச்சாலையே தேய்த்துவிடும். டைல்ஸ் தரையில் வளரும் நாய்க்கு அந்த வழி இல்லை. நடக்கும்போது 'டக் டக்' என்று சத்தம் வந்தால், நகம் வளர்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்படியே விட்டால் கால் சரியாக ஊன்றாது, நடை மாறும். முன்னங்காலின் உட்புறம், தரையைத் தொடாமல் இருக்கும் ஐந்தாவது நகத்தைப் பலர் மறந்தே போகிறார்கள். அது வளைந்து வளர்ந்து சதைக்குள்ளேயே குத்திவிடும்.

கைக்குழந்தைக்கு நகம் வெட்டும் பாட்டிகளைக் கவனித்தால் போதும். குழந்தை அசந்து கிடக்கும் நேரம் பார்த்து ஆரம்பிப்பார்கள். இடையில் சிணுங்கினால், மிச்ச விரல்களைச் சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்வார்கள். நாய்க்கும் அதே பொறுமைதான் வேண்டும்.

முதல் சில நாள்கள் நகவெட்டியே வேண்டாம். பாதத்தைத் தொட்டு, வேகவைத்த கோழித்துண்டு ஒன்றைக் கொடுத்து, விட்டுவிடலாம். அடுத்து, காய்ந்த ஈர்க்குச்சியை நகவெட்டியால் நறுக்கி, அந்தச் சத்தத்தைப் பழக்கலாம். நாய் நிம்மதியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு, ஒரே ஒரு நகத்தின் நுனி. அன்றைக்கு அவ்வளவுதான். முன்னங்கால்களில் ஐந்தைந்து, பின்னங்கால்களில் நான்கு நான்கு என்று பெரும்பாலான நாய்களுக்கு 18 நகங்கள். மூன்று, நான்கு வாரங்களுக்கு ஒருமுறை வெட்டினால் பொதுவாகப் போதும். கணக்குப் பார்த்தால், ஒரு நாளைக்கு ஒரு நகமே தாராளம்.

நகத்துக்குள் ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகின்றன. வெள்ளை நகத்தில் இளஞ்சிவப்பாகத் தெரியும் பகுதி அதுதான். அதற்கு 2 மில்லிமீட்டர் முன்பே நிறுத்த வேண்டும். கறுப்பு நகத்தில் அது தெரியாது. மெல்லிய சீவல்களாக வெட்டி, வெட்டிய இடத்தின் நடுவில் கரும்புள்ளி தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். மனிதர்களின் நகவெட்டி நாயின் தடித்த நகத்தை நசுக்கிவிடும். நாய்களுக்கென்று விற்பதையே வாங்க வேண்டும். தவறி ரத்தம் வந்தால், சோளமாவை வைத்துச் சுத்தமான துணியால் சில நிமிடங்கள் அழுத்திப் பிடிக்கலாம். நிற்காவிட்டால் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும்.

தூக்கமே வராமல் கொட்டாவி விடுவது, உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்புவது எல்லாம் 'போதும்' என்று நாய் சொல்லும் விதம். உறுமும்வரை காத்திருக்கக் கூடாது. உறுமிக் கடிக்க வரும் நாயை மருத்துவரிடம் விட்டுவிடுவதே நல்லது.

நாய் காலை இழுத்தால், பிடித்திருக்கும் கை உடனே விட வேண்டும். கேட்டால் விட்டுவிடும் கை என்று புரிந்த பிறகு, பல நாய்கள் பாதத்தைத் தாமாகவே மடியில் வைக்கின்றன.