எலும்பைக் கட்டும் நார்

மனித உடலில் எலும்புகள் 206 என்று பள்ளிச் சிறுவனும் சொல்வான். அவற்றைப் பிரியாமல் கட்டி வைத்திருப்பது எது என்று கேட்டால் பலரும் விழிப்பர். தசையை எலும்போடு பிணைப்பது தசைநாண். எலும்பை எலும்போடு பிணைப்பது தசைநார். எங்கள் திருச்சுழிப் பக்கம் கூரை வேய்கிறவர்கள் கம்புகளைப் பனைநாரால் இறுகக் கட்டுவார்கள். கம்பு எவ்வளவு உறுதியானாலும், கட்டு அறுந்தால் கூரை சரியும். உடலும் அப்படித்தான்.

முழங்காலில் முக்கியமான தசைநார்கள் 4. பக்கத்துக்கு ஒன்றாக 2. நடுவில் பெருக்கல் குறிபோல் குறுக்கிட்டு நிற்பவை 2. நடுவில் உள்ளவற்றுள் முன்புறத் தசைநார், கீழ்க்கால் எலும்பு முன்னே நழுவாமல் காக்கிறது. ஓடுகிறவர் சட்டென்று திரும்பும்போது அது அறுவதுண்டு. முழுதும் அறுந்துவிட்டால் தானாக ஒட்டுவது அரிது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அண்ணன் கரிமூட்டத்துக்கு வேலிக்கருவை வெட்டிய கூலியில்தான் நான் படிக்க வந்தேன். பொங்கல் கபடியில் காலூன்றித் திரும்பியபோது அவர் முழங்காலுக்குள் 'டப்' என்றது. எக்ஸ்ரே எடுத்த இடத்தில், "எலும்பு நல்லா இருக்கு, ஒன்றுமில்லை" என்றார்கள். எக்ஸ்ரே படம் எலும்பைக் காட்டும், தசைநாரைக் காட்டாது. இதை எங்கள் வீட்டில் யார் அறிவார்? வீக்கம் வடிந்தபின் வேலைக்குப் போனார். மேடு பள்ளத்தில் முழங்கால் நழுவும், அப்படியே உட்கார்ந்துவிடுவார். "படம் நல்லாத்தானே இருக்கு, வேலைக்குச் சுணங்குறான்" என்றது ஊர்.

இரண்டு ஆண்டுகள் கழித்து மதுரையில் ஒரு மருத்துவர் முழங்காலை மடக்கி, கீழ்க்காலைக் கையால் முன்னே இழுத்துப் பார்த்தார். தசைநார் அறுந்திருக்கிறது என்றார். எம்.ஆர்.ஐ. படமும் அதையே காட்டியது. "நான் நடிக்கலைன்னு இப்பவாவது தெரிஞ்சுதாம்மா?" என்று மட்டும் அண்ணன் கேட்டார்.

பிறகு தொடையின் தசைநாண் ஒன்றை எடுத்து, அறுந்த நாரின் இடத்தில் பொருத்தினார்கள். மாதங்கள் செல்லச் செல்ல உடல் அதைத் தசைநார்போலவே மாற்றிக்கொள்கிறது! 2016 ரியோ ஒலிம்பிக்கில் முழங்கால் தசைநார் அறுந்து வெளியேறிய மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட், 2018 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றதும் அறுவை சிகிச்சைக்குப் பிறகுதான்.

மருத்துவ உலகின் கண்ணுக்கே தப்பிய நாரும் உண்டு. எங்கள் ஊரில் ரமண மகரிஷி பிறந்த 1879ஆம் ஆண்டிலேயே, முழங்காலின் வெளிப்புறத்தில் முத்து நிற நார் ஒன்று இருப்பதாகப் பிரெஞ்சு மருத்துவர் பால் செகோன் எழுதினார். பெல்ஜிய மருத்துவர்கள் 2013இல் அதை விரிவாக விளக்கிய பிறகே உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது.

ஆடுகளம் செல்லும் நண்பர்களே! முழங்காலில் ஓசை கேட்டு, சில மணி நேரத்தில் வீங்கி, நடக்கையில் நழுவுமானால், எண்ணெய் தேய்த்து உருவிவிட இடங்கொடாதீர்கள். எக்ஸ்ரே நன்றாயிருந்தாலும், "தசைநாரைப் பார்த்தீர்களா ஐயா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.