ஓசி வைத்தியமும் ஒரு கேஸும்

வ.உ.சி. என்றதும் எல்லாருக்கும் கப்பல்தான் ஞாபகம் வரும். கப்பல் விடுவதற்கு முன்னாலேயே அவர் வக்கீல். அவர் பேர் வைத்த தூத்துக்குடி துறைமுகத்தில் லோடு ஏற்றும் நண்பர் போன மாசம் கேட்டார்: "அண்ணாச்சி, ஓசில வைத்தியம் பாத்த கவர்மெண்டு ஆஸ்பத்திரி மேல கேஸ் போடலாமா? நன்றிகெட்டதனமா இருக்காதா?"

தங்கச்சிக்கு ஆபரேஷன் நடந்த இடத்தில் சீழ். வலிக்கிறது என்று அழுதவளை அப்படியே டிஸ்சார்ஜ் செய்துவிட்டார்களாம். அப்புறம் இன்னொரு ஆபரேஷன். எட்டு மாசமாக உப்பளத்து வேலைக்குப் போக முடியவில்லை.

"தாராளமா போடலாம். நீங்க வாங்குற சோப்புலயும் தீப்பெட்டியிலயும் வரி இருக்கு. அதுலதானே ஆஸ்பத்திரி நடக்குது?" என்றேன்.

அவருக்கு ஒரு நிஜக் கதையும் சொன்னேன். 1996-ல் சென்னை எழும்பூர் அரசு ஆஸ்பத்திரியில் ஒரு பெண் குழந்தை குறைமாதத்தில் பிறந்தது. எடை 1,250 கிராம். இப்படிப் பிறக்கும் குழந்தைகளுக்கு விழித்திரை கெட்டுப்போகலாம். நேரத்தோடு சோதித்தால் பார்வையைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. சோதிக்கவும் இல்லை, சோதிக்கச் சொல்லவும் இல்லை. குழந்தைக்குப் பார்வை போய்விட்டது. தகப்பனார் விடவில்லை. 2009-ல் தேசிய நுகர்வோர் ஆணையம் 5 லட்சம் கொடுக்கச் சொன்னது. 2015 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் அதைச் சுமார் 1.8 கோடியாக உயர்த்தியது. டாக்டர்கள் தவறுக்கு அரசாங்கமும் பொறுப்பு என்றது. அப்போது அந்தப் பெண்ணுக்கு வயது 18!

நண்பர் பெருமூச்சு விட்டார். "அம்புட்டு வருசமா?"

ஆமாம். அதனால்தான் முதல் நாளிலிருந்தே காகிதம் முக்கியம். வைத்தியம் பலிக்காததெல்லாம் அலட்சியம் ஆகிவிடாது. செய்யவேண்டியதைச் செய்யாமல் விட்டார்கள் என்று நாம்தான் நிரூபிக்கணும். அதற்குச் சாட்சி கேஸ் ஷீட். எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்று 2002-லிருந்து மருத்துவ கவுன்சில் விதியே இருக்கிறது.

எல்லாருக்கும் இலவசமாகவே பார்க்கும் ஆஸ்பத்திரி நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. சிலரிடம் கட்டணம் வாங்கினால்கூட வரும். அப்போது ஓசியில் பார்த்துக்கொண்டவரும் கேஸ் போடலாம். இது 1995 சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. கெடு 2 வருஷம். அந்தக் கதவு மூடியிருந்தால் சிவில் கோர்ட் இருக்கிறது, மதுரையில் ஹைகோர்ட் கிளை இருக்கிறது.

வக்கீலைத் தேடுவது அப்புறம். முதலில் கேஸ் ஷீட் கேட்டு ஒரு மனு. கொடுத்ததற்கு சீல் போட்ட ஒரு நகல். அதைப் பரணில் போடாமல் பீரோவில் வையுங்கள்.