சிகாமட்டில் மூன்று இரவுகள்



2025ஆம் ஆண்டு செப்டம்பர் விடுமுறைக்குச் சில நாள்களுக்கு முன்பு எனக்கு மாற்றல் ஆணை வந்தது. கிள்ளானில் பத்தொன்பது ஆண்டுகள் பணியாற்றிய நான், அடுத்த கல்வியாண்டு முதல் ஜொகூர் மாநிலத்தின் வடபகுதியான சிகாமட் மாவட்டத்தில், தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் பணியாற்ற வேண்டும். வீட்டில் எழுபத்து நான்கு வயது அம்மா. உடன்பணியாற்றுவோர் அனைவரும் மேல்முறையீடு செய்யுமாறு அறிவுறுத்தினர். கடிதத்தையும் எழுதி முடித்தேன். ஆயினும், பார்த்திராத ஊரை வேண்டாம் என்று சொல்ல மனம் ஒப்பவில்லை. கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, தனியாகவே புறப்பட்டேன்.

என் தம்பி பூச்செடி வணிகம் செய்பவர். அவரிடம் ஒரு பழைய நிசான் வானெட் வேன் உண்டு. அதன் பின்னிருக்கைகளைக் கழற்றிவிட்டு, பலகை ஒன்றும் மெத்தை ஒன்றும் போட்டோம். கொசுவலை, இருபது லிட்டர் தண்ணீர், சிறிய எரிவாயு அடுப்பு. அவ்வளவுதான் என் வீடு. சிகாமட்டில் தங்கும் விடுதிகளுக்குக் குறைவில்லை. ஆனால், விடுதியில் தங்கினால் கடைத்தெருவை மட்டுமே காண முடியும். மாணவர்கள் வாழும் இடங்களுக்கு அருகில் விடிந்து எழ வேண்டும் என்பது என் விருப்பம்.

இவ்வாறு தனித்துச் செல்ல விரும்பும் ஆசிரியைகளுக்குச் சில சொற்கள். இயந்திரத்தை ஓடவிட்டுக் குளிர்சாதனத்தில் உறங்காதீர்கள். புகைக்குழாய் வழியே வெளியேறும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. உறக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். சன்னலைச் சிறிது திறந்து வைத்து வலை கட்டிக்கொள்ளுங்கள். அடுப்பை வண்டிக்கு வெளியில் மட்டுமே பற்ற வையுங்கள். இரவு தங்கும் இடத்தை வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள். ஆற்றங்கரை எவ்வளவு அழகாக இருந்தாலும் அங்கே இரவில் நிறுத்தாதீர்கள்.

இந்தக் கடைசி அறிவுரையைச் சிகாமட்டில் இருமுறை சொல்ல வேண்டும். ஊரின் பெயரே தண்ணீரில் பிறந்தது என்பது இங்குள்ளோர் சொல்லும் மரபுக்கதை. 1511இல் மலாக்கா போர்த்துகீசியரிடம் வீழ்ந்தபின் இவ்வழியே வந்த பெண்டஹாரா தெப்போக், ஆற்று நீரை அருந்திவிட்டு, "செகார் அமாட்" என்றாராம். மிகவும் புத்துணர்ச்சி தருகிறது என்பது பொருள். மூவார் ஆற்றில் கலக்கும் அந்தச் சிகாமட் ஆறுதான் 2006 டிசம்பரிலும் 2011 சனவரியிலும் 2023 மார்ச்சிலும் ஊருக்குள் புகுந்தது. தேநீர்க் கடைக்காரர் ஒருவர், வெள்ளம் ஏறிய உயரத்தைத் தம் சுவரில் கைவைத்துக் காட்டினார். அது என் தோளுக்கு மேல் இருந்தது. 2025 ஆகஸ்டு 24ஆம் நாள் காலையில் 4.1 அளவில் நில அதிர்வும் ஏற்பட்டது. "தண்ணிய பாத்தாச்சு, இப்ப நிலமும் ஆடிப் பாத்துருச்சும்மா," என்று அவர் சிரித்தார்.

நான் வடக்கு தெற்கு விரைவுச்சாலையிலிருந்து தங்காக்கில் வெளியேறி, 1,276 மீட்டர் உயரமுள்ள லேடாங் மலையைப் பார்த்தபடி, ஜெமந்தா வழியாக வந்து சேர்ந்தேன். அவ்விரைவுச்சாலை 1994இல் முழுமையாகத் திறக்கப்படும் வரை, கோலாலம்பூரிலிருந்து ஜொகூர் பாருவுக்குச் செல்வோர் முதலாம் கூட்டரசுச் சாலையில் கெமாஸ், பத்து அனாம், புலோ காசாப் ஊர்களைக் கடந்து சிகாமட்டுக்கு வந்து, இங்கே சாப்பிட்டுவிட்டு லாபிஸ் நோக்கிப் போவார்கள். இன்று பெரும்பாலோர் விரைவுச்சாலையிலேயே சென்றுவிடுகின்றனர். சாலை விலகிச் சென்றாலும் இரயில் விலகவில்லை. 1909இல் கெமாஸையும் ஜொகூர் பாருவையும் இணைத்த இருப்புப்பாதை இவ்வூர் வழியேதான் செல்கிறது. 2025 மார்ச்சில் இ.டி.எஸ். மின்தொடர்வண்டிச் சேவை சிகாமட் வரை வந்தது. அவ்வாண்டு டிசம்பரில் ஜொகூர் பாருவை எட்டியது.

முதல் இரவு, ஒரு கோயில் வளாகத்தில் காவலரிடம் அனுமதி கேட்டு நிறுத்தினேன். பெண் ஒருத்தி தனியாக வேனில் உறங்குவது அவருக்கு வியப்பாக இருந்தது. சற்று நேரத்தில் அவர் மனைவி ஒரு தட்டில் தோசை கொண்டு வந்தார். மறுநாள் மாலை, அவரே ஒரு தாயை அழைத்து வந்தார். நான் செல்லவிருந்த பள்ளியில் மூன்றாம் ஆண்டு பயிலும் சிறுமியின் தாய். கணவர் செம்பனை ஆலையில் வேலை செய்கிறார்.

"டீச்சர், நீங்க எத்தனை வருசம் இருப்பீங்க?" என்பதே அவருடைய முதல் கேள்வி.

நான் உடனே விடை சொல்லவில்லை. அவர் தொடர்ந்தார். "ரெண்டு வருசத்துல என் மகளுக்கு நாலு டீச்சர் மாறிட்டாங்க. வர்றவங்க எல்லாரும் நல்லவங்கதான். ஆனா புள்ள பேரைப் பழகுறதுக்குள்ள போயிடுறாங்க. அடுத்த வருசம் மலாய்ப் பள்ளிக்கு மாத்தலாமான்னு அவரு கேக்குறாரு."

தமிழின் அருமை பற்றி நான் மேடைகளில் பேசிய சொற்கள் எவையும் அப்பொழுது உதவவில்லை. அவர் கேட்டது மொழியைப் பற்றியதன்று; ஆளைப் பற்றியது.

சிறுமி பள்ளி வேனுக்காகக் காலை ஐந்தரைக்குக் காத்திருப்பாள் என்றும் அவர் சொன்னார். மூன்றாம் நாள் அதே நேரத்தில் அதே வழியில் என் வேனை ஓட்டினேன். செம்பனைகளுக்கு நடுவே மூடுபனி; விளக்கொளிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. பிள்ளைகள் ஏறும் ஒவ்வொரு முனையிலும் நிறுத்திப் பார்த்தேன். பள்ளியின் பூட்டிய வாயிலை அடைய நாற்பத்தைந்து நிமிடம் ஆயிற்று. முதல் பாடவேளையில் கண்ணயரும் பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்லும் முன், அந்தச் சாலையை ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

நம் நாட்டில் 150 மாணவருக்கும் குறைவான பள்ளி, 'குறைந்த மாணவர் பள்ளி' எனப்படும். அத்தகைய பள்ளியில் ஒரு குடும்பம் தன் பிள்ளையை மாற்றினால், வகுப்பில் அது கண்கூடாகத் தெரியும். எண்ணிக்கை மேலும் குறைந்தால் இரண்டு ஆண்டு மாணவர்களை ஒரே அறையில் அமர்த்தும் கூட்டு வகுப்பு வரும். அதைக் கண்டு இன்னொரு பெற்றோர் தயங்குவார். ஆசிரியர் நிலைத்திருப்பது இந்தச் சங்கிலியை அறுக்கும் வழிகளுள் ஒன்று.

மூன்றாம் இரவு அம்மாவைத் தொலைபேசியில் அழைத்து அனைத்தையும் சொன்னேன். "இரயில் இருக்குல்ல? வார இறுதியில வந்துட்டுப் போ," என்றார். அன்றே முடிவு செய்துவிட்டேன். மேல்முறையீட்டுக் கடிதம் அனுப்பப்படவில்லை.

2026 சனவரி முதல் சிகாமட்டில் வாடகை வீடொன்றில் வசிக்கிறேன். அம்மாவை விட்டு வந்த வருத்தம் குறைந்தபாடில்லை. அதை மறைக்கப் போவதில்லை. அந்தத் தாயிடம், ஐந்து ஆண்டுகளாவது இருப்பேன் என்று சொல்லியிருக்கிறேன். சிறுமி இப்பொழுது நான்காம் ஆண்டில், என் வகுப்பில் இருக்கிறாள்.

மாற்றல் ஆணை பெற்றிருக்கும் ஆசிரியர்களே, கடிதம் அனுப்புவதற்கு முன் அந்த ஊரில் ஓர் இரவாவது தங்கிப் பாருங்கள். பெற்றோர்களே, புதிதாக வரும் ஆசிரியரிடம் நீங்களும் அந்தக் கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள்.