தோட்டாவின் கணக்கு

தோட்டப்புறத்தில் வாழ்ந்து பழகியவர்கள் எதையும் எளிதில் எறிந்துவிடுவதில்லை. அரிசிச் சாக்கு மிதியடியாகும்; பால் டின் தண்ணீர்க் குவளையாகும்; மரத்தில் ஒட்டிக் காய்ந்த பால்கூட எடைக்கு வரும். இத்தகைய சிக்கனத்தில் ஊறியவர், வெடித்துத் தீர்ந்த தோட்டாவின் வெறுங்கூட்டைக் கண்டதும், 'இதை மீண்டும் நிரப்பினால் என்ன?' என்று எண்ணுவதில் வியப்பில்லையன்றோ?

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் துண்டாடப்பட்ட ரப்பர்த் தோட்டமொன்றில் ஐந்து ஏக்கர் வாங்கிய முன்னாள் கிராணி ஒருவர்க்கு அவ்வெண்ணம் எழுந்தது. ரப்பரை அழித்து அவர் நட்ட செம்பனைக் கன்றுகளின் குருத்தைக் காட்டுப்பன்றிகள் இரவோடு இரவாகத் தோண்டித் தின்றன. உரிமம் பெற்ற இரட்டைக்குழல் துப்பாக்கி அவரிடம் இருந்தது. தோட்டாவின் விலைதான் உறுத்தியது.

ஈப்போவில் படிக்கும் பேரன் விடுமுறைக்கு வந்தபோது, "தாத்தா, அமெரிக்காவில் வீட்டிலேயே நிரப்பிக்கொள்கிறார்களாம். பாதிச் செலவுதானாம்" என்றான்.

கிராணியாரின் கை தானாகவே பேனாவைத் தேடியது. முப்பது ஆண்டுகள் செக்ரோல் எழுதிய கையாயிற்றே!

ஒரு தோட்டாவில் கூடு, தீயூட்டும் மூடி, வெடிமருந்து, தக்கை, ஈயக்குண்டுகள் என ஐந்து உறுப்புகள் உள்ளன. வெடித்தபின் எஞ்சுவது கூடு ஒன்றே. மற்ற நான்கையும் புதிதாக வாங்கியாக வேண்டும். ரைபிள் தோட்டாவின் பித்தளைக் கூடு விலைமிக்க உறுப்பாதலின், அதை மீண்டும் பயன்படுத்துவோர்க்கு மெய்யாகவே இலாபம் உண்டு. பன்றி சுடும் துப்பாக்கியின் தோட்டாக் கூடோ பெரும்பாலும் பிளாஸ்டிக்கும் மெல்லிய உலோக அடியுமே. அதைக் காப்பாற்றி என்ன மிச்சம்?

அழுத்தும் பொறி, துல்லியமான தராசு முதலியவற்றுக்கு ஆயிரம் ரிங்கிட் ஆகும் என்றும், தோட்டா ஒன்றுக்கு ஒரு ரிங்கிட் மிஞ்சும் என்றும் ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு இருபது தோட்டா சுடும் குடியானவர் போட்ட முதலை மீட்க ஐம்பது ஆண்டுகள் பிடிக்கும். பந்தயங்களில் ஆயிரக்கணக்கில் சுடுவோர்க்கே கணக்கு நேராகும். அவர்களிலும் பலர், செலவு குறைந்ததென்று மகிழ்ந்து முன்னினும் மிகுதியாகச் சுட்டு, மிச்சத்தையெல்லாம் புகையாக்கிவிட்டதாகத் தாமே நகைத்துச் சொல்வதுண்டு. மருந்தின் அளவு சற்றே பிசகினால் குழல் வெடித்துக் கையும் கண்ணும் போகலாம். அந்த இழப்பை எந்தப் பத்தியில் எழுதுவது?

எழுதி முடித்த கிராணியார் பேனாவை மூடவில்லை. பேரன் அறியாத பத்தி ஒன்று எஞ்சியிருந்தது.

1948 ஜூன் 16 ஆம் நாள் தோட்ட நிருவாகிகளான ஐரோப்பியர் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டது இதே சுங்கை சிப்புட் வட்டாரத்தில்தான். இரண்டு நாளில் அவசரகாலம் மலாயா முழுமைக்கும் விரிந்தது. உரிமமின்றி ஆயுதம் வைத்திருப்போர்க்குத் தூக்குத் தண்டனை என்றாயிற்று. தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி, ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் வைத்திருந்ததற்காக 1949 மே 4 ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். 1960 இன் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமும், பாதுகாப்புப் பகுதியில் அனுமதியின்றித் தோட்டா வைத்திருப்பதற்கே மரண தண்டனை விதித்தது. அச்சட்டம் 2012 இல் நீங்கியது. ஆயினும் அதே 1960 இல் பிறந்த ஆயுதச் சட்டம் இன்றும் உண்டு. உரிமமின்றி இந்நாட்டில் எவரும் தோட்டா செய்யலாகாது. சிக்கனத்துக்காகச் செய்தேன் என்பதைச் சட்டம் செவிகொள்ளாது.

"ஆறே ஆறு தோட்டாவா, தாத்தா?" என்றான் பேரன்.

"ஆமாம், ஐயா. அவற்றின் விலையை எந்தக் கடைக்காரனும் எழுதி வைக்கவில்லை."

மறுநாள் காலை இருவரும் சுங்கை சிப்புட் இரும்புக் கடைக்குச் சென்று வேலிக்கம்பிச் சுருள் இரண்டு வாங்கினார்கள். விலையைக் கேட்டதும் கிராணியார் முகம் சுளித்தார். ஆனால் வீட்டிலேயே செய்யலாமா என்று கேட்கவில்லை.