குறிஞ்சி ஜீப்

கொல்லிமலைச் செம்மேட்டில் நண்பரின் மகன் பழைய மகிந்திரா ஜீப் ஒன்றைப் பிரித்துப் போட்டிருக்கிறான். டிசம்பரில் அதை ஜெய்சால்மர் வரை ஓட்டிப்போய், சம் மணல்மேடுகளில் ஏற்றவேண்டுமாம். இதுவரை அந்த வண்டி பலாப்பழமும் மிளகு மூட்டையும் சுமந்து சோளக்காட்டுச் சந்தைக்குப் போனது. மிஞ்சினால் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி அடிவாரத்துக் காரவள்ளியைப் பார்த்துவிட்டு வந்தது.

கொல்லிமலையைப் பற்றி எழுதினால், அதை ஆண்ட ஓரியின் வில்லில் தொடங்க வேண்டும் என்று எழுதாத சட்டம் ஒன்று உண்டு. இங்கே எனக்குக் கிடைத்தது ஸ்பிரிங் பட்டைதான். அதுவும் உடைந்தது. நாமக்கல்லில் மாற்றியாயிற்று.

முன்சக்கரங்களைச் சுழற்றும் ஷாஃப்டை, டீசல் மிச்சமாகும் என்று யாரோ கழற்றிப் பரணில் போட்டிருந்தார்கள். துருவைச் சுரண்டி, அதன் மூட்டான கிராஸை மாற்றி, மறுபடி பூட்டினார்கள். மணலில் டயர் பரந்து பதியவேண்டும், பாதிக் காற்றை இறக்கிவிட வேண்டும் என்றபோது மெக்கானிக் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். மலை வண்டியில் காற்றை இறக்கச் சொல்பவன் ஒன்று எதிரியாக இருக்கவேண்டும், இல்லை பைத்தியமாக. பையனோ இதற்கெல்லாம் முன்னாலேயே வண்டியின் நெற்றிக்கு நான்கு விளக்குகளை வாங்கி வைத்திருக்கிறான். வண்டி கிளம்புமா என்பது தெரியுமுன் அது இரவில் எப்படித் தெரியும் என்ற கவலை அவனுக்கு.

என் கவலை ரேடியேட்டர். ஏற்றத்தில் கொதித்தால் மேலே உள்ள சின்னக் குழாய் வழியாகத் தண்ணீர் சாலையில் கொட்டிவிடும். “தண்ணிதானுங்க, வழியில ஊத்திக்கலாம்” என்றார் மெக்கானிக். ஐயாறு ஓடி, ஆகாய கங்கையாக விழுகிற மலையில் பிறந்தவர் வேறென்ன சொல்வார்?

அங்கேதான் எனக்கு ரால்ஃப் பேக்னால்ட் நினைவுக்கு வந்தார். ஆங்கிலேய ராணுவ எஞ்சினியர். 1920களில் எகிப்தில் வேலை பார்த்தபோது, விடுமுறை கிடைத்தால் சகாக்களோடு டி மாடல் ஃபோர்டில் பாலைவனத்துக்குள் போய்விடுவார். காற்றில் மணல் எப்படி நகர்கிறது என்று 1941இல் அவர் வெளியிட்ட நூலை விஞ்ஞானிகள் கொண்டாடுகிறார்கள். 1940இல் போருக்காக அவர் தொடங்கிய லாங் ரேஞ்ச் டெசர்ட் குரூப் என்ற பாலைவனப் படையைப் போர் ரசிகர்கள் கொண்டாடுகிறார்கள். எனக்கு அவருடைய தகர டப்பா போதும்.

ரேடியேட்டரிலிருந்து நீராவி தப்பும் வழிகளையெல்லாம் அடைத்துவிட்டு, ஒரே ஒரு குழாயை மட்டும் வண்டிப் பக்கவாட்டில் கட்டிய டப்பாவின் அடிவரை விட்டார். டப்பாவில் பாதிக்குத் தண்ணீர். இன்ஜின் கொதித்தால் நீராவி அந்தத் தண்ணீருக்குள் போய்க் குளிர்ந்து தண்ணீராகிவிடும். டப்பாவும் கொதிக்கத் தொடங்கினால், ஓட்டுகிறவர் மேல் வெந்நீர் தெறிக்கும். உடனே வண்டியைக் காற்று வரும் திசைக்குத் திருப்பி நிறுத்தவேண்டும். சற்று நேரத்தில் ரேடியேட்டர் குளிரும், உள்ளே வெற்றிடம் உண்டாகும், டப்பாவில் இருப்பதெல்லாம் களகளவென்று வந்த வழியே திரும்பிப்போகும். ஒரு சொட்டு வீணில்லை. இன்றைய கார்களில் பானெட்டுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் டப்பா செய்வதும் ஏறக்குறைய இதைத்தான். என்ன, அது யாரையும் சுடுவதில்லை. ஆகையால் யாரும் அதைக் கவனிப்பதுமில்லை.

இந்தக் கஞ்சத்தனத்தின் அழகு என்னை நெடுநேரம் பிடித்துக்கொண்டது. ஆனால் அது பாலைவனக்காரர்களுக்கு மட்டும் உரியதல்ல. பாலை என்று தனியாக ஒரு நிலமே இல்லை என்பது நம் பழைய திணைக் கணக்கு. சிலப்பதிகாரத்தில் கோவலனுக்கு மதுரை வழி சொல்கிற மாங்காட்டு மறையவன், வெயிலில் காடாகிய முல்லையும் மலையாகிய குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுப் பாலையாக மாறிவிடும் என்கிறான். வழி கேட்டவனிடம் சொன்னது என்பதுதான் எனக்கு முக்கியம். ஊர்ப் பெயரோடு பருவத்தையும் சேர்த்துச் சொல்கிற வழிகாட்டி அவன். அவன் சொல்வது சரியென்றால், இந்த ஜீப் பாலைக்குப் போகவேண்டியதில்லை. மழை இரண்டு வருஷம் பொய்த்தால் பாலையே வளைவு வளைவாக ஏறிச் செம்மேட்டுக்கு வந்துவிடும். தண்ணிதானுங்க என்பது அதுவரைக்கும் செல்லுபடியாகும் குறிஞ்சிப் பேச்சு.

இதையெல்லாம் மெக்கானிக்கிடம் சொல்லவில்லை. டப்பாவை மட்டும் படம் போட்டுக் காட்டினேன். காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா மேல வெந்நி பட்டாத்தான் வண்டிய நிறுத்தோணும்னா எதுக்குங்க? அதான் ஹீட் மீட்டர் இருக்குதே?”

“அது வேலை செய்யுதா?”

“இல்லீங்க.”

“எத்தனை நாளா?”

“நான் பாக்க அது ஓடுனதே இல்லீங்க.”

டப்பா கட்ட ஒத்துக்கொண்டார், ஓட்டுகிறவர் பக்கமாக அல்ல, பக்கத்தில் உட்கார்பவர் பக்கமாக. பையன் என்னையும் ஜெய்சால்மருக்கு வரச்சொல்லியிருக்கிறான்.