குர்துபாவிலிருந்து கர்னாத்தாவுக்கு

நம் வரலாற்று நூல்கள் குர்துபா என்றும் கர்னாத்தா என்றும் குறிப்பிடும் நகரங்களே தென் ஸ்பெயினின் இன்றைய கொர்தோபாவும் கிரனாடாவும். மலைச்சாலை வழியே இடைத்தூரம் சுமார் 160 கிலோமீட்டர். பேருந்தில் ஏறக்குறைய மூன்று மணி நேரப் பயணம். 2019இல் தொடங்கிய அதிவேக இரயில் அதனை ஒன்றரை மணி நேரமாகக் குறைத்துவிட்டது.

ஆனால், வீழ்ச்சி இத்தொலைவைக் கடக்க 256 ஆண்டுகள் ஆயின! 1236இல் குர்துபா காஸ்டைல் மன்னர் வசமாயிற்று. முதலாம் அப்துர் ரஹ்மான் தொடங்கிய பெரும் பள்ளிவாசல் தேவாலயமாக்கப்பட்டது. கர்னாத்தாவோ 1492 ஜனவரி 2 அன்றுதான் வீழ்ந்தது.

இவ்வவகாசம் எவ்வாறு கிட்டிற்று? கர்னாத்தாவின் முதல் நஸ்ரீ சுல்தான் இப்னுல் அஹ்மர், தம் அரசைக் காத்துக்கொள்ளக் காஸ்டைலுக்குக் கப்பம் கட்டினார். 1248இல் இஷ்பீலியா எனும் செவில் நகரம் வீழ்ந்த முற்றுகையில், தம் வீரர்களுடன் அம்மன்னர் பக்கமே நின்றார். அவருடைய வமிசத்தார் எழுப்பிய அல்ஹம்ரா மாளிகைச் சுவர்களெங்கும், 'அல்லாஹ்வையன்றி வெற்றியாளன் இல்லை' என்னும் வாசகம் இன்றும் காணப்படுகிறது. அதனை வாசிக்கும் பயணியின் நெஞ்சம் கனக்காதிருக்குமா?

சகோதரனின் வாயில் அருகிலேயே இருக்கலாம். உள்ளங்கள் விலகிவிட்டால், அத்தொலைவைக் கடக்க எந்த வாகனமும் உதவாது.